பிழை அல்ல, வழு

போன வாரம் மறுபடியும் பார்த்தேன், ஒரு அரட்டைச் செயலியின் தமிழ் உதவிக் குறிப்பில்: ‘விசைப்பலகை உள்ளீட்டுப் பிழை’. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் ‘பக்’ (bug); நேர்ப்பொருள் பூச்சி, கணினித் துறையில் மென்பொருளின் நிரலில் (புரோகிராமில்) இருக்கும் குறைக்குப் பெயர். இதைப் பிழை என்று எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விளக்க ஒரு சம்பவமே போதும்.

என் சித்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. கைப்பேசியைவிட மடிக்கணினியில் தட்டுவதுதான் அவருக்குப் பிடிக்கும். ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தில் ‘amma’ என்று தட்டி ‘அம்மா’ வரவைக்கும் முறையில், தட்டுவார். தட்டத் தட்ட, அடிக்கோடிட்டபடி சொல் உருவாகி வரும், கீழே பரிந்துரைகள் தெரியும், சரியான சொல்லை எண்டர் தட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் செயலியில் எண்டர் தட்டியதும் சொல் உள்ளே விழுவதற்குப் பதிலாக, பாதி வாக்கியத்தோடு செய்தியே போய்விடுகிறது. உதவிக் குறிப்பைத் திறந்து படித்திருக்கிறார். ‘உள்ளீட்டுப் பிழை’ என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தான்தான் தப்பாகத் தட்டுகிறோம் என்று நினைத்து இரண்டு நாள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டியிருக்கிறார். "நான் எங்கடா தப்பு பண்றேன்?" என்று என்னிடம் கேட்டார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. நாற்பது வருடம் மாணவர்களின் எழுத்துப்பிழையைத் திருத்தியவர், ‘பிழை’ என்ற சொல்லை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படித்தான் படித்தார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இயந்திரத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளை ‘பக்’ என்று எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் II கணினிக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கியதும், அதைப் பதிவேட்டில் நாடாவால் ஒட்டி வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் பலர் கவனிக்காத விஷயம், அன்று எழுதிய குறிப்பே ‘நிஜமாகவே பூச்சி அகப்பட்டது இதுதான் முதல் தடவை’ என்ற தொனியில் இருப்பது. அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது. ஆகவே பூச்சியிலிருந்து சொல் வந்தது என்று சொல்லி, அதை நம்பித் தமிழில் ‘பூச்சி’ என்றும் ‘பூச்சி நீக்கம்’ என்றும் எழுதுபவர்களுக்கு அந்தக் கதை துணைக்கு வராது. தமிழில் ‘நிரலில் பூச்சி’ என்றால் ஒன்றும் விளங்காது, பூச்சி என்றால் நமக்குப் பயிரும் மருந்தும்தான் நினைவுக்கு வரும்.

சரி, பிழைக்கு வருவோம். எழுத்துப்பிழை, அச்சுப்பிழை, பிழை பொறுத்தருள்க என்று எங்கே பார்த்தாலும் பிழைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். எழுதியவர், அச்சுக் கோத்தவர், வேண்டிக்கொள்பவர் என்று யாரோ ஒருவர். அதனால் தட்டச்சு சம்பந்தப்பட்ட மென்பொருளில் இந்தச் சொல்லைப் போட்டால், படிப்பவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். பக்கை நீக்குவதைப் ‘பிழைத்திருத்தம்’ என்பது இன்னும் மோசம். அது மெய்ப்புப் பார்ப்பவர் செய்யும் வேலை. சொல் திருத்தி ஒன்றை எழுதும் நிரலாளர் ‘பிழைத்திருத்தியில் பிழைத்திருத்தம் செய்தேன்’ என்று எழுத வேண்டி வந்தால், யாருக்கு என்ன புரியும்? அப்புறம், திரையில் வரும் ‘எரர்’ செய்தியையும் நாம் பிழைச்செய்தி என்கிறோம். சித்திக்கு வந்த சிக்கலில் எந்தச் செய்தியும் வரவில்லை, எல்லாம் ஒழுங்காக ஓடியது. ‘பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் பிழை இருக்கிறது’ என்று எழுத வைக்கும் கலைச்சொல்லை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது.

இதற்குத் தமிழ் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: வழு. ‘திணையே பாலிடம் பொழுது வினாவிறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே’ என்கிறது நன்னூல்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழும் முறைமாறி வந்தால் வழு. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ‘நேற்று வருவான்’ என்ற எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நேற்று’ சரியான சொல், ‘வருவான்’ சரியான சொல், எழுத்துப்பிழை எங்கும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில்தான் காலம் மயங்குகிறது.

செயலியில் நடந்ததும் இதேதான். அதன் எழுத்துப் பெட்டி ஒரு ஆயத்த நிரலகத்திலிருந்து வந்தது (பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள முன்கூட்டியே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு, ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’). சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கான குறியை உலாவி (பிரவுசர்) விசை தட்டும் ஒவ்வொரு தடவையும் செயலிக்கு அனுப்பும். குறி இருக்கும்வரை எண்டரைக் கண்டுகொள்ளாதே என்று நிரலகத்தில் எழுதியும் இருந்தார்கள். ஆனால் சித்தி பயன்படுத்திய உலாவி, சொல் முடிந்தது என்ற செய்தியை முதலில் அனுப்பிவிட்டு, அந்த எண்டரை அதற்குப் பிறகு அனுப்புகிறது. எண்டர் வந்து சேரும்போது குறி போய்விட்டது. குறியும் சரி, எண்டரும் சரி, முன்பின் மாறியதுதான் கோணல். இலக்கணத்தில் இதற்குப் பெயர் காலவழு, நிரலுக்கும் அந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது.

‘வழு பழைய சொல், யாருக்கும் புரியாது’ என்று சொல்வார்கள். வழுக்கி விழுவது புரியாதா? ‘நெறி வழுவாமல்’ என்று மேடையில் பேசினால் புரியவில்லையா? போகவேண்டிய தடத்திலிருந்து சறுக்குவதுதான் வழுவுதல். நிரலாளர் நினைத்த தடத்திலிருந்து நிரல் சறுக்கினால் அது வழு, அதைக் களைவது வழுநீக்கம், அதற்கு உதவும் கருவி வழுநீக்கி. மூன்றும் தானாக வந்து அமைகின்றன. தட்டுபவர் தவறினால் பிழை, விசை ஒட்டிக்கொண்டால் கோளாறு, நிரல் தவறினால் வழு என்று பிரித்துக்கொண்டால், படிப்பவருக்கு யார் மீது குறை என்பது உடனே தெரியும். மொழிபெயர்ப்பவர்கள் திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நிரப்புவதால்தான் இவ்வளவு குழப்பமும். பட்டியலில் ‘எரர்’ வந்தாலும் பிழை, ‘பக்’ வந்தாலும் பிழை, ‘மிஸ்டேக்’ வந்தாலும் பிழை.

இன்னொன்று, வழுவை எடுத்துக்கொண்டால் வழுவமைதியும் கூடவே கிடைக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்கிறோம். நிரலிலும் இப்படி உண்டு. எந்த விசை தட்டப்பட்டது என்பதை எண்ணாகச் சொல்லும் ‘கீகோட்’ பண்பை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று வலைத் தரங்கள் ஒதுக்கிவிட்டன. ஆனால் எடுத்துவிட்டால் பழைய தளங்கள் உடையும் என்பதால் உலாவிகள் அதை விட்டுவைத்திருக்கின்றன. சித்தியின் செயலியைச் சரிசெய்ததும் அதுதான். குறி போன பிறகும் அந்த எண்டரின் கீகோட் 229 என்றே வருகிறது, வழக்கமான எண்டராக இருந்தால் 13. நிரலகத்தில் 229 வந்தால் செய்தியை அனுப்பாதே என்று ஒரு வரி சேர்த்தார்கள். மாற்றக் குறிப்பின் தமிழ் வடிவத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘சொல் உருவாகும்போது எண்டர் செய்தியை அனுப்பிவிடும் வழு நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். சித்தி ஒரு தடவை படித்துவிட்டு, "அப்போ என் மேல தப்பு இல்லை" என்றார்.