லாக்: கட்டையிலிருந்து பதிவேடு வரை

லாக் என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில் வேகத்தை அறிய, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். மணற்கடிகாரம் கொட்டி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவி ஓடின என்று எண்ணி, ஒரு புத்தகத்தில் எழுதிவைப்பார்கள். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று, அதாவது முடிச்சு என்று சொல்வது இதனால்தான். கட்டையின் பெயர் புத்தகத்துக்கு ஏறியது. அங்கிருந்து கணினிக்கு வந்தது.

கணினியில் லாக் என்றால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதிச் சேர்த்த தொகுப்பு. இதைப் 'பதிவு' என்று மட்டும் சொன்னால் போதாது. அட்டவணையின் ஒரு வரியும் பதிவு, வலைப்பூவில் எழுதுவதும் பதிவு. தொகுப்பைக் குறிக்கப் 'பதிவேடு' இருக்கிறது. பதிவு, ஏடு இரண்டும் சேர்ந்த சொல். புதிதாக உருவாக்க வேண்டியதில்லை.

எஸ்கியூலைட் போன்ற உட்பொதி தரவுத்தளம் தனி சர்வர் இல்லாமல் செயலிக்குள்ளேயே ஓடும். அங்கே லாக் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் கலந்துவிடுகின்றன. செயலி தன் நிகழ்வுகளை எழுதும் அட்டவணை ஒன்று. அதை 'நிகழ்வுப் பதிவேடு' எனலாம். மற்றது, மாற்றங்களைத் தரவு இருக்கும் மூலக்கோப்பில் சேர்ப்பதற்கு முன் எழுதிவைக்கும் 'வால்' கோப்பு (WAL, write-ahead log). 'முன்பதிவு' என்றால் டிக்கெட்தான் நினைவுக்கு வரும் என்பதால், 'முன்னெழுத்துப் பதிவேடு' என்பதே என் தேர்வு. பெயரைப் பிரிப்பது முக்கியம், ஏனென்றால் இரண்டும் பெருப்பதற்கான காரணம் வேறு, மருந்தும் வேறு.

நிகழ்வுப் பதிவேட்டில் பழைய வரிகளை டெலீட் செய்தாலும் கோப்பு சிறுக்காது. கோப்பு 'பக்கம்' எனும் சம அளவுத் துண்டுகளால் ஆனது; காலியான பக்கங்கள் தனிப் பட்டியல் ஒன்றில் சேர்ந்து, அடுத்து வரும் வரிகளுக்குப் பயன்படும். எனவே புது வரி சேரும்போது மிகப் பழையதைத் தானாக நீக்கும் ட்ரிக்கர் ஒன்றை வைத்தால், வரிகளின் நீளம் ஓரளவு சீராக இருக்கும்வரை கோப்பு ஓர் அளவில் நின்றுவிடும். பெரும்பாலும் இதுவே போதும். கோப்பையே சுருக்க 'வேக்கும்' கட்டளை உண்டு. அகராதியைப் பார்த்து இதை 'வெற்றிடம்' என்று பெயர்ப்பது தவறு. அது எதையும் வெறுமையாக்குவதில்லை, காலிப் பக்கங்களை விட்டுவிட்டுத் தரவை நெருக்கி அடுக்குகிறது. 'இறுக்குதல்' பொருந்தும். அந்த வேலைக்கு மூலக்கோப்பைப் போல் இரு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம், ஆகவே சேமிப்பிடம் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது.

முன்னெழுத்துப் பதிவேடு 2010-இல் 3.7.0 பதிப்பில் வந்தது. இயல்பாக அது 1000 பக்கங்களை எட்டியதும் 'செக்பாயின்ட்' நடக்கும்: மாற்றங்கள் மூலக்கோப்பில் சேரும், பிறகு வால் கோப்பு தொடக்கத்திலிருந்து மேலெழுதப்படும். ஒரு பக்கம் 4096 பைட் என்றால் இது ஏறக்குறைய 4 எம்பி. எங்கோ ஒரு வாசிப்புப் பரிவர்த்தனை, அதாவது தரவைப் படிக்கத் தொடங்கிய வேலை, மூடப்படாமல் கிடந்தால் இந்தச் சுழற்சி நின்று, கோப்பு வளர்ந்துகொண்டே போகும். முதலில் அந்த வாசிப்பை முடிக்க வேண்டும். அதன் பிறகு 'ட்ரங்கேட்' வகை செக்பாயின்ட் கொடுத்தால், வால் கோப்பின் அளவு 0 பைட்டுக்கு இறங்கும்.