லும்பினியின் பலி என்ன பலி?

'லும்பினியில் அசோகர் பலியை நீக்கினார்' என்ற வரியை இன்னும் எத்தனை மொழிபெயர்ப்புகளில்தான் படிப்பது? 'புத்தர் பிறந்த ஊரில் ஆடு வெட்டினார்களா ஐயா?' என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். அவர் மேல் தவறில்லை. 'விபத்தில் மூவர் பலி' என்று தினமும் நாளிதழில் படிக்கிறவர் வேறு எப்படி நினைப்பார்?

வடமொழியில் பலி என்பது தெய்வத்துக்குப் படைப்பது. அரசனுக்குச் செலுத்துவதும் அதுவே. ரிக் வேதத்திலேயே இரண்டு பொருளும் உண்டு. தமிழில் நிலைத்தது முதல் பொருள்தான். 1896இல் கண்டெடுத்த லும்பினித் தூணில் உள்ள அசோகர் கல்வெட்டு பேசுவது இரண்டாவதை. முடிசூடி 20 ஆண்டு ஆனபின் அங்கு வந்த அசோகர், ஊரை 'உபலிக', அதாவது பலி இல்லாததாக ஆக்கி, 'பாகம்' என்னும் விளைச்சல் பங்கை எட்டில் ஒன்று என்று வைத்தார்.

சரி, விஷயம் தெரிந்தவர்களாவது ஒழுங்காக எழுதுகிறார்களா? அவர்கள் 'காணிக்கை' என்கிறார்கள். ஆதியில் குடிகள் மனமுவந்து கொடுத்ததாம். இருக்கட்டும். மனமுவந்து கொடுப்பதிலிருந்து ஓர் ஊருக்கு எதற்கு விலக்கு? விலக்கு அளித்தார் என்றாலே அது கட்டாயம் என்றுதானே பொருள்! அதோடு, அர்த்தசாஸ்திரத்தின் வருவாய்ப் பட்டியலில் பலி தனி. அரசனுக்கு வரும் அன்பளிப்பான ஔபாயனிகம் தனி. காணிக்கையைப் பலிக்குக் கொடுத்துவிட்டால் ஔபாயனிகத்துக்கு எந்தச் சொல்லைத் தேடுவது? 'திறை'யும் ஒட்டாது. அது தோற்ற மன்னன் கட்டுவது, சொந்த நாட்டுக் குடி கட்டுவதல்ல. பொதுவாக 'வரி' என்று போட்டால் இன்னும் மோசம்: 'வரியை நீக்கி, எட்டில் ஒரு பங்கு வரி விதித்தார்' என்று வந்து நிற்கும். இப்படியும் அச்சில் வருகிறது. எழுதியவர் ஒருமுறை திரும்பிப் படித்திருந்தால் போதுமே!

நம்மிடம் 'இறை' இருக்கிறது, குடிகள் தம் அரசனுக்குக் கட்டுவது. 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்கிறது குறள். கடவுளோடு குழம்புமாம். குறள் அரசனையும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது, யாரும் குழம்பவில்லை. சோழர் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்று எத்தனை நிலங்கள்! 'உபலிக' என்பதும் அதே அமைப்புதான், பலி இல்லாதது. பாகத்துக்குப் 'பங்கு' போதும்.

'லும்பினியை இறையிலி ஊராக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் வைத்தார்.' இப்படி எழுதினால் அந்த மாணவர் ஆட்டைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.