லோகஸ்ட்: வெட்டுக்கிளியா, விட்டிலா?

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும்போது கூடைக்குள் தாவி விழுவதும் வெட்டுக்கிளி, 2020-ல் ராஜஸ்தான் வயல்களை மொட்டையடித்ததும் வெட்டுக்கிளி. இப்படி ஒரே பெயரால் அழைப்பதால்தான் கேரட் பாத்தியில் நாலு பூச்சி தத்தினாலும் ‘லோகஸ்டா?’ என்று பதறுகிறோம்.

லோகஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் ‘லோகுஸ்டா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. (லத்தீனில் சிங்கி இறாலுக்கும் அதே பெயர்தான்.) ஆயிரக்கணக்கான வெட்டுக்கிளி இனங்களில் திரண்டு படையெடுப்பவை ஏறக்குறைய 20. அவற்றுக்கு மட்டுமே லோகஸ்ட் என்று பெயர்.

தமிழில் இதற்குத் தனிச்சொல் இருந்தது. 732ஆம் குறளின் ‘அருங்கேட்டால்’ என்பதற்கு உரை எழுதும் பரிமேலழகர் மிக்க பெயல், பெயலின்மை, எலி, விட்டில், கிளி, அரசண்மை என்று அடுக்குகிறார். எலிக்கும் கிளிக்கும் நடுவில் நிற்கும் அந்த விட்டில் விளைச்சலைத் தின்பது. இன்றோ விட்டில் என்றால் விளக்கில் விழும் பூச்சிதான்; பழைய பொருளை மீட்பது கடினம். ‘திரள் வெட்டுக்கிளி’ என்பதே பொருந்தும்.

ஏன் ‘திரள்’? தனித்துத் திரிவதும் கூட்டமாகப் பறப்பதும் ஒரே இனத்தின் இரு நிலைகள் என்று 1921-ல் போரிஸ் உவாரவ் என்ற பூச்சியியலாளர் காட்டினார். தனிநிலையில் இருக்கும் பாலைவன வெட்டுக்கிளி தன்னினத்தைக் கண்டால் விலகும். மழைக்குப் பின் பச்சை எங்கும் பரவியிருந்தால் பூச்சிகளும் பரவிக் கிடக்கும். அதே அளவு தழை இரண்டு மூன்று புதர்களில் மட்டும் நின்றால், தின்னவும் ஒதுங்கவும் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். பின்தொடையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலில் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் கூடி, சில மணி நேரத்திலேயே விலகிய பூச்சி நெருங்கத் தொடங்கும். பச்சையாக இருந்த குஞ்சுகள் அடுத்தடுத்துத் தோலுரிக்கையில் கறுப்பும் மஞ்சளுமாகும். எண்ணிக்கை கூடாமலே, செடிகள் நிற்கும் விதம் மட்டும் மாறினாலும் இது நடக்கும். அந்த விதத்தைத்தான் ‘வாழிட அமைவு’ என்கிறோம்.

நீலகிரியின் அவலாஞ்சிச் சரிவுகளும் திட்டுத்திட்டாகத்தான் தெரிகின்றன. ஆனால் அங்கே திட்டாக நிற்பது சோலைக்காடு. வெட்டுக்கிளி தின்னும் புல்லோ எங்கும் விரிந்து கிடக்கிறது. நெருக்கியடிக்க வேண்டிய தேவையே இல்லை. பார்க்க வேண்டியது பூச்சியின் உணவு திட்டாக இருக்கிறதா என்பதை.

திரள்வதை ‘மொய்த்தல்’ என்று எழுதுவோரும் உண்டு. பலாச்சுளையை ஈ மொய்க்கும், சுளை தீர்ந்தால் கலையும். தழை தீர்ந்தபின்னும் கலையாமல் சேர்ந்தே நகர்வது திரள்.

கேரட் பாத்தியில் ஐயம் வந்தால் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் தத்தி மறைந்தால் அது ஊர் வெட்டுக்கிளி. திரள்நிலைக் குஞ்சுகள் சிறகு முளைக்கும் முன்பே ஒரே திசையில் அணியாக நடக்கும்.