கொள்ளைநோய்: ஒரு சொல்லின் கதை

'கொள்ளையில போக!' என்று கிராமத்துப் பாட்டிகள் வைவதைக் கேட்டிருப்பீர்கள். திருடன் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. வாந்திபேதியோ அம்மையோ ஊருக்குள் புகுந்து ஆளை வாரிக்கொண்டு போவதைத்தான் அந்த வசவு சொல்கிறது. நோய் என்ற சொல் ஒட்டாமலே 'கொள்ளை' அங்கே நோயைக் குறித்துவிடுகிறது.

'கொள்' என்ற வினையடியிலிருந்து வந்த சொல் இது. எடுத்துக்கொள்வது, அதுவும் கணக்கில்லாமல் எடுத்துக்கொள்வது. அதனால்தான் கொள்ளையடிப்பதும் 'கொள்ளை அழகு' என்று வியப்பதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று அள்ளிக்கொண்டு போகும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா, தெரியவில்லை.

தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. சபைகளில் காதில் விழும் கொள்ளைநோய்க்குப் பின்னால் பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் இருப்பது 'தெபெர்' என்ற எபிரெயச் சொல். எகிப்தின் கால்நடைகளைத் தாக்கியது தெபெர். தாவீது ஜனங்களைத் தொகையிட்ட பின் எழுபதாயிரம் பேரைக் கொண்டுபோனதும் தெபெர். எபிரெயத்தைப் பழங்காலத்தில் உயிர்க்குறி இல்லாமல் எழுதினார்கள். அதே மூன்று மெய்யெழுத்துகளை 'தாபார்' என்று வாசித்தால் 'வார்த்தை' என்று பொருள். 91ஆம் சங்கீதத்தின் 3ஆம் வசனத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அப்படியே வாசித்துவிட்டார்கள். நமக்குப் 'பாழாக்கும் கொள்ளைநோய்' என்று வருவது அங்கே கலங்கடிக்கும் வார்த்தை ஆகிவிட்டது. வதந்தியும் கிருமியும் சேர்ந்தே பரவிய 2020ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிழையும் பிழையாகத் தோன்றாது!

வேறு பல இடங்களில் அதே கிரேக்கப் பெயர்ப்பு தெபெரைத் 'தனதொஸ்', அதாவது 'சாவு' என்று எழுதுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 6:8 தெளிவாகும். பட்டயம், பஞ்சம், சாவு, துஷ்ட மிருகங்கள் ஆகியவற்றால் கொல்ல அதிகாரம் கொடுக்கப்பட்டது என்கிறது அந்த வசனம். கொல்வதற்குச் சாவு எப்படி ஒரு கருவியாகும்? எசேக்கியேல் 14:21ஐப் புரட்டினால் இதே நான்கும் இருக்கின்றன. சாவு நிற்கும் இடத்தில் அங்கே கொள்ளைநோய் நிற்கிறது.

வாதை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் அடிக்கடி நடக்கும் குழப்பம். வாதை, வடமொழியின் 'பாதா'விலிருந்து வந்தது. துன்பம், உபத்திரவம் என்று பொருள். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு வாதைகளுக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் 'ப்ளேகே': அடி, காயம். நல்ல சமாரியன் கதையில் கள்ளர் அந்த மனிதனுக்கு உண்டாக்கிய காயமும் இதே சொல்தான். பிளேக் என்ற நோய்ப் பெயரும் இதன் லத்தீன் உறவிலிருந்தே வந்தது. ஆனால் வேதாகமத்து வாதை எல்லாமே நோய் அல்ல. எகிப்தின் பத்து வாதைகளில் தவளை உண்டு, வெட்டுக்கிளி உண்டு, இருளும் உண்டு.

சரி, பாண்டமிக்குக்குத் தமிழ் என்ன? 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை அப்படி அழைத்தபின் 'பெருந்தொற்று' என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது. கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'தேமொஸ்' என்றால் மக்கள். பஸ் படியில் தொற்றிக்கொள்கிறோமே, அந்தத் தொற்றுதான் பெருந்தொற்றிலும் இருக்கிறது. எவ்வளவு பரவியது என்பதைப் பெருந்தொற்று சொல்லும். எத்தனை பேரை வாரிக்கொண்டது என்பதைக் கொள்ளைநோய் சொல்லும். மருத்துவச் செய்திக்கு முன்னதும் வேதாகமத்துச் சொல்லுக்குப் பின்னதும் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோய்க்கு 'ஒட்டுவாரொட்டி' என்றொரு அருமையான பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு. அதை ஏனோ கைவிட்டுவிட்டோம்.

கடைசி காலப் பிரசங்கங்களில் அதிகம் அடிபடுவது மத்தேயு 24:7. பஞ்சங்களோடு கொள்ளைநோய்களும் வரும் என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் அந்த வசனத்தில் கொள்ளைநோயைக் காணோம், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லாததால். லூக்கா 21:11இல் சந்தேகமில்லாமல் இருக்கிறது. அங்கே கிரேக்கத்தில் 'லொய்மொஸ்' கொள்ளைநோய், 'லிமொஸ்' பஞ்சம். இரண்டும் எதுகைபோலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்கிறது மத்தேயு 24:8. மூலத்தில் அது பிரசவ வலி. 24:6ஆம் வசனமோ, முடிவு உடனே வராது என்கிறது. வலி கண்டதும் பிள்ளை பிறந்துவிடாது என்பது வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். நோய் பரவிய ஒவ்வொரு முறையும் 'இதோ முடிவு' என்று நாள் குறித்தவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

அப்புறம், முடிவைப் பற்றிப் பேசும்போது கூடவே வரும் 'ஆயத்தம்'. இதுவும் வடமொழி வழி வந்ததுதான். தனித்தமிழில் 'அணியம்' என்பார்கள், பேச்சில் 'தயார்'. 'ஆயத்தமாயிருங்கள்' என்று 24:44 சொன்ன கையோடு, வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கும் வேலைக்காரனைத்தான் இயேசு உதாரணம் காட்டுகிறார். 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தது. பல்கலைக்கழகம் யேனாவுக்கு இடம்பெயர்ந்தது. திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரையும் போகச் சொன்னார்கள், அவர் போகவில்லை. கடைசி நாட்களில் வாழ்கிறோம் என்று உறுதியாக நம்பியவர் அவர். ஆனாலும் ஓடலாமா கூடாதா என்று கேட்ட போதகருக்கு அவர் எழுதிய பதில் கிட்டத்தட்ட சுகாதாரக் குறிப்பு போல இருக்கும்: ஜெபிப்பேன், வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவைப்பட்டால் மட்டும் எந்த இடத்தையும் ஒதுக்கமாட்டேன். கர்ப்பிணியான மனைவியோடு அவர் இருந்த வீடு அந்த மாதங்களில் ஆஸ்பத்திரியாகவே இருந்தது.