பம்பருக்குள் ஒரு பூட்டு: ஸ்பெயார் டயரும் பிரிக்காத மனுவலும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வீதி 50 கிலோமீற்றருக்கு மேல். இடையில் டபுள் கெப்பின் பின் டயர் பஞ்சரானால் ஜாக்கைத் தேடி எடுப்பது பெரிய வேலையில்லை, சீற்றுக்கு அடியிலோ பின்னாலோ இருக்கும். ஸ்பெயார் டயரும் கண்ணெதிரே, சாமான் ஏற்றும் பகுதிக்கு அடியில் படுத்த வாக்கில் தொங்கும். அதை இறக்குவது எப்படி என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பூட்டு வைத்த வண்டியென்றால், அந்தப் பூட்டுக்கு எந்தத் திறப்பு என்று தெரியாமல் நிற்பவர்களே அதிகம்.

அந்த டயரை மேலே பிடித்து வைத்திருப்பது ஒரு சிறிய வின்ச். வண்டியின் அடிச்சட்டத்தின் குறுக்குக் கம்பியில் பொருத்திய பெட்டிக்குள் ஒரு உருளை இருக்கும். அதில் இரும்புக் கேபிளோ சங்கிலியோ சுற்றியிருக்கும். அதன் நுனியில் ஒரு தகடு. ரிம்மின் நடுத்துளைக்குள்ளால் அந்தத் தகட்டைச் சரித்து நுழைத்து, பிறகு கிடையாகத் திருப்பினால் அது ரிம்மைக் கீழிருந்து தாங்கும். பின் பம்பரில், பெரும்பாலும் நம்பர் பிளேட்டின் அருகே, ஒரு துளை உண்டு. ஜாக்கோடு வரும் கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து அந்தத் துளைக்குள் விட்டால், வழிகாட்டும் குழாய் ஊடாகப் போய் வின்ச்சின் வாயில் உட்காரும். இடஞ்சுழியாகத் திருப்பினால் டயர் இறங்கும், வலஞ்சுழியாகத் திருப்பினால் ஏறும்.

30 கிலோ அளவில் பாரமுள்ள ஒரு சக்கரம் குண்டும் குழியுமான வீதியில் குலுங்கியும் தானாக இறங்காமல் இருப்பது எப்படி? பல வின்ச்களில் புழுப் பற்சக்கரம் இருக்கிறது: திருகாணி போன்ற ஒரு தண்டு, அதோடு கடிபடும் ஒரு பற்சக்கரம். தண்டைச் சுற்றினால் சக்கரம் சுழலும். சக்கரத்தை இழுத்துத் தண்டைச் சுற்ற வைக்க முடியாது. காரணம் உராய்வு. உராய்வுக் குணகம் 0.15 என்றால் உராய்வுக் கோணம், அதாவது ஒரு பொருள் தானாக வழுக்கத் தொடங்கும் சரிவு, ஏறத்தாழ 8.5 பாகை. திருகின் சரிவு 5 பாகையாக இருந்தால், எவ்வளவு பாரம் இழுத்தாலும் பல் வழுக்காது. இதற்கு ஒரு விலை உண்டு. அதே கணக்கில் நீங்கள் கம்பியில் கொடுக்கும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் டயரைத் தூக்கப் போகிறது, மிச்சம் உராய்விலே தீர்ந்துவிடும். கை வலிக்கத் திருப்ப வேண்டியிருப்பது அதனால்தான். எல்லா வண்டியிலும் இதே பற்சக்கர அமைப்பு இல்லை, ஆனாலும் பாரம் கீழிருந்து இழுத்துச் சுற்ற முடியாதபடி செய்வதே எல்லாவற்றின் நோக்கமும்.

அப்படியானால் பூட்டு எதற்கு? கம்பி வைத்திருக்கும் எவரும் ஐந்து நிமிடத்தில் டயரை இறக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதற்காக. பம்பர்த் துளையை மறைத்து ஒரு பூட்டு உருளை இருந்தால் கம்பி உள்ளே போகாது. எல்லா மொடல்களிலும் இது கிடையாது. சிலவற்றில் கம்பனியே வைத்து அனுப்புகிறது, சிலவற்றில் உரிமையாளர் பிறகு வாங்கிப் பூட்டியிருப்பார். உங்களுடையதில் உண்டா என்று பார்க்க, துளையின் ரப்பர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே திறப்பு நுழையும் வாய் தெரிந்தால் பூட்டு உண்டு. செவர்லே சில்வராடோ போன்ற அமெரிக்க பிக்கப்களில், பல ஆண்டு மொடல்களுக்கு வண்டியின் திறப்பே இதற்கும் பொருந்தும். அதைப் போட்டுத் திருப்பி நேராக வெளியே இழுத்தால் உருளை முழுதாகக் கையோடு வந்துவிடும். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் பலருக்குத் தங்களிடம் திறப்பு இருப்பதே தெரியாது. ரிமோட்டின் பக்கத்திலுள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால் உள்ளேயிருந்து ஓர் உலோகத் திறப்பு வரும். கதவுக்காக வைத்தது என்றாலும் பம்பர்ப் பூட்டுக்கும் முதலில் முயன்று பார்க்க வேண்டியது அதுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பூட்டு கம்பி போகும் பாதையை மட்டுமே மறிக்கிறது. கேபிளை வெட்டும் கருவியோடு வருபவனை அது நிறுத்தாது. வெளியில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்கு, ரிம்மின் துளை வழியாகச் சட்டத்தோடு சேர்த்து ஒரு தடித்த சங்கிலியும் வேறு பூட்டும் போடுவது நல்லது.

திருகோணமலையில் பூட்டைக் கெடுப்பது கள்வனை விடக் கடல்தான். வாடைக்காற்றுக் காலத்தில் குடாவிலிருந்து எழும் தூவல் உப்புவெளி முதல் கடற்கரை நெடுக வண்டிகளின் அடிப்பகுதியில் படிகிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதம் அளவே போதும். ஆகவே மழை ஓய்ந்த பிறகும் அந்தப் படிவு ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்னும். மீன் ஏற்றும் கெப் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஐஸ் உருகிய உப்புநீர் பின் கதவின் இடுக்கால் வழிந்து நேரே பம்பரின் மேல் விழுகிறது. பூட்டு இருப்பது அதே இடத்தில்.

பூட்டின் உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்கோடு இருக்கின்றன. சரியான திறப்பு எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும்போதுதான் உருளை சுழலும். ஒரு தகடு கறளிலோ உப்பு மணியிலோ அரை மில்லிமீற்றர் சிக்கி நின்றாலும் சுழலாது. அப்போது பலமாகத் திருப்பினால் திறப்பு உள்ளேயே முறியும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கறள் இளக்கும் எண்ணெயை உள்ளே பீச்சி, கால் மணி நேரம் விடுங்கள். பிறகு திறப்பைத் திருப்பாமல் இருபது முப்பது தடவை உள்ளே வெளியே இழுத்து, அதன் பின்னரே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சரியாகி உள்ளே காய்ந்ததும் கிரபைட் தூள் போடலாம். கிறீஸ் வேண்டாம், அது மணலைப் பிடித்துவைத்து அடுத்த மாதமே பூட்டை இறுக்கிவிடும். வின்ச்சின் கேபிளுக்கும் நுனித் தகட்டுக்கும் கிறீஸ் தாராளமாகப் பூசலாம்.

பூட்டு திறந்த பிறகும் தவறுகள் நடக்கின்றன. டயர் தரையைத் தொட்டுக் கேபிள் தளர்ந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் திருப்பிக்கொண்டே போனால் கேபிள் முழுதாக அவிழ்ந்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். பிறகு இறக்கத் திருப்பினால் ஏறும், உள்ளே சிக்கும். சில வின்ச்களில் கேபிள் அறுந்தாலும் டயர் வீதியில் விழாதபடி இரண்டாவது கொக்கி ஒன்று உண்டு. அது பிடித்துக்கொண்டிருந்தால் கேபிள் தளர்ந்தும் டயர் இறங்காது. டயருக்குக் கீழே ஜாக்கை வைத்துச் சற்று உயர்த்தி அதை விடுவிக்கும் முறையை வண்டியோடு வரும் மனுவலில் படமாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கொக்கி சரியாக வேலை செய்ய வால்வு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். சில்வராடோவில் கீழே பார்க்க வேண்டும், மற்ற மொடல்களில் மாறலாம். கராஜில் நட் கழற்றும் காற்றுத் துப்பாக்கியால் வின்ச்சைச் சுற்றுவது வேகமாகத்தான் இருக்கும். ஆனால் பற்கள் அந்த அடியைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

இன்னொரு சங்கடம் அளவில் இருக்கிறது. 265/65 ஆர் 17 டயரில் 265 என்பது அகலம், மில்லிமீற்றரில். படுக்கவைத்தால் அதுவே உயரம்: இருபத்தாறரை சென்ரிமீற்றர். பஞ்சரானது பின் டயராக இருந்து, பம்பருக்குக் கீழே இழுவைக் கொக்கியும் பூட்டியிருந்தால், இறங்கிய ஸ்பெயார் வெளியே வர இடம் இருக்காது. பின்பக்கத்தை ஜாக்கால் உயர்த்திய பிறகே இழுக்க முடியும். ஜாக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே உடம்பை நுழைக்காதீர்கள். கயிறோ வளைந்த கம்பியோ போட்டு வெளியிலிருந்து இழுங்கள். மணற்பாங்கான ஓரங்களில் ஜாக்குக்குக் கீழே வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு வண்டியில் எப்போதும் கிடக்கட்டும்.

இதெல்லாம் மனுவலில் சில பக்கங்கள்தான். படிக்காததற்குச் சோம்பல் மட்டுமே காரணமென்று சொல்வது நியாயமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் விற்று வாங்கப்பட்டவை பெரும்பாலும் ஏற்கெனவே கைமாறிய வண்டிகள். புத்தகம் முதல் உரிமையாளரின் வீட்டோடு தங்கிவிடுகிறது, அல்லது யப்பானிய மொழியிலோ தாய்லாந்து மொழியிலோ இருக்கிறது. தமிழில் ஒரு பக்கமும் இல்லை. ஆனாலும் பல கம்பனிகளின் தளத்தில் மொடலும் ஆண்டும் கொடுத்தால் ஆங்கில மனுவல் இலவசமாக இறங்கும். பஞ்சர் பகுதி பெரும்பாலும் புத்தகத்தின் பின்பாதியில், வண்டிக்குச் சிக்கல் வந்தால் என்ற அத்தியாயத்தில் இருக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, ஜாக்கோடு வையுங்கள். போனில் வைத்தால் சார்ஜ் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

வண்டி வாங்கிய கையோடும், பிறகு வருடத்தில் இரண்டு முறையும், ஒன்று வாடை தொடங்குமுன் செப்ரெம்பரில், டயரை வீட்டு முற்றத்தில் இறக்கிப் பாருங்கள். கம்பிகள் முழுதாக இருக்கின்றனவா, பம்பர் எப்போதோ அடிபட்டுக் குழாய் வளைந்து கம்பி வாயைச் சேராமல் நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். சக்கர நட்டில் பூட்டு நட் இருந்தால் அதற்கான சொக்கெற்றும் உண்டா பாருங்கள். அது தொலைந்திருந்தால் ஸ்பெயாரை இறக்கியும் பயனில்லை. ஏற்றும்போது கேபிள் நடுவில் நிற்க, டயர் சட்டத்தோடு முட்டி, வின்ச் இரண்டு தடவை கிளிக் என்று வழுக்கும்வரை திருப்புங்கள். எல்லா வின்ச்சும் அப்படி வழுக்காது, வழுக்காததில் எவ்வளவு இறுக்குவது என்பது மனுவலில். பிறகு கையால் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. அசைந்தால் குலுக்கத்தில் கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

டயர் தரையில் கிடக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவின் தூணிலுள்ள ஸ்ரிக்கரில் பின் டயருக்கு முழுப் பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள், குறைப்பது வீதியிலும் சுலபம். பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைக் கறளும் சேறும் துடைத்து வாசியுங்கள். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பூக்கள் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், பத்து வருடத்துக்கு மேல் வெயிலிலும் உப்பிலும் தொங்கிய ரப்பர் அது. பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.