ஆங்கர் டெஸ்ட்: இழுத்துப் பார்ப்பதா, பிடுங்கிப் பார்ப்பதா?

கான்கிரீட்டிலோ செங்கல் சுவரிலோ துளை போட்டு இறக்கிய ஆணி எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்ப்பதற்குக் கட்டட வேலையில் ‘ஆங்கர் டெஸ்ட்’ என்று பெயர். ‘புல்-அவுட் டெஸ்ட்’ என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயரில்தான் சிக்கல். அப்படிச் சொல்லிச் செய்யப்படும் சோதனைகளில் பலவற்றில் எந்த ஆணியும் வெளியே வருவதில்லை, வரவும் கூடாது.

முதலில் ஆங்கர். கிரேக்க மொழியின் ‘அங்க்கூரா’ லத்தீனில் ‘ஆங்க்கொரா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. வேர்ப்பொருள் வளைவு, கொக்கி. யானைப்பாகன் கையில் இருக்கும் அங்குசமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் நாம் சொல்லும் நங்கூரமோ பாரசீக ‘லங்கர்’ வழியாக வந்த கடற்சொல். கலைச்சொல் பட்டியல்கள் இதைக் கட்டடத்துக்கும் இழுத்துவந்து ‘நங்கூர ஆணி’ என்கின்றன. தப்பில்லை. ஆனால் ஆசாரிகளும் எலக்ட்ரீஷியன்களும் ராவல் பிளக், ஆங்கர் போல்ட், ஃபாஸ்டனர், கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை அடைத்துப் பொருத்துவது) என்றுதான் பேசுகிறார்கள். ராவல் பிளக்கில் இருப்பது ஒரு மனிதரின் பெயர். இங்கிலாந்தின் ஜான் ராலிங்ஸ், பிரிட்டிஷ் மியூசியம் சுவர்களை அதிகம் சேதப்படுத்தாமல் மின்கருவிகளைப் பொருத்துவதற்காக 1910-களின் தொடக்கத்தில் உருவாக்கிய நார் முளை அது.

எனக்குப் பிடித்த தமிழ்ச்சொல் ‘பற்றாணி’. ‘பிடியாணி’ இன்னும் எளிது, ஆனால் காதில் ‘பிடியாணை’ என்று விழுந்து போலீஸ் நினைப்பு வந்துவிடும்.

சரி, சோதனைக்கு வருவோம். கருவி எளிமையானது. நடுவில் துளையுள்ள ஹைட்ராலிக் ஜாக்கி, அதைத் தாங்கும் கால்கள், கைப்பம்பு, முள் காட்டும் மீட்டர். ஆணியின் தலையைப் பிடித்து மெல்லப் பம்பை அழுத்த வேண்டும். குறித்த சுமை வந்ததும் நிறுத்திவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். அது தானாக இறங்கினால் உள்ளே ஏதோ நகர்கிறது என்று அர்த்தம்.

இந்த ஒரே கருவியை வைத்து இரண்டு வெவ்வேறு கேள்விகள் கேட்கலாம். ஒன்று, ‘ஒழுங்காகப் பொருத்தியிருக்கிறார்களா?’ ஆங்கிலத்தில் இது ‘ப்ரூஃப் டெஸ்ட்’. இந்த ‘ப்ரூஃப்’ சான்று அல்ல, பதம் பார்ப்பது; துப்பாக்கிக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்த பழைய வழக்கமும் இதே பெயரில்தான் நடந்தது. பிரிட்டனின் பிஎஸ் 8539 விதித்தொகுப்பின்படி, ஆணி தாங்கவேண்டிய சுமையின் ஒன்றரை மடங்குக்கு இழுத்தால் 40-க்கு ஒரு ஆணி போதும். ஒன்றேகால் மடங்கோடு நிறுத்தினால் 20-க்கு ஒன்று. எப்படியும் மூன்றுக்குக் குறையக்கூடாது. ஆணி அசையாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் அப்புறம் அதில்தான் பைப்பையோ விளம்பரப் பலகையையோ மாட்டப்போகிறோம்.

மற்றொன்று, ‘இந்தச் சுவர் எவ்வளவுதான் தாங்கும்?’ பழைய செங்கல் கட்டடங்களில் இதுதான் பெரிய கேள்வி. கான்கிரீட்டுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் அட்டவணை உண்டு. அறுபது எழுபது வருடச் சுவரின் செங்கல்லுக்கும் சாந்துக்கும் யார் அட்டவணை தருவார்கள்? அந்தச் சுவரிலேயே ஓர் ஓரத்தில் சில ஆணிகளை இறக்கி, சுமையை ஏற்றிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டியதுதான். இந்த ஆணிகளைப் பிறகு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

எனவே தமிழில் முதலாவதைத் ‘தாங்கு சோதனை’ என்றும், உடையும்வரை போவதைப் ‘பிடுங்கு சோதனை’ என்றும் பிரித்துச் சொல்லலாம் என்பது என் கட்சி. ‘இழுவைச் சோதனை’ என்று பொதுவாக எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

பிடுங்கும்போது எது தோற்கிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கம்பி அறுந்ததா, ஆணி மட்டும் வழுக்கி வந்ததா, கான்கிரீட்டே கூம்பு வடிவில் பெயர்ந்து வந்ததா? பெயரும் கூம்பு, மேற்பரப்பில் ஆணியைச் சுற்றி ஆழத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு தூரம் விரியும். ஜாக்கியின் கால்கள் அந்த வட்டத்துக்குள் ஊன்றியிருந்தால் கான்கிரீட்டை அவையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கூம்பு பெயர வழியில்லாமல், மீட்டரில் எண் உண்மையைவிட நன்றாகவே வரும். பசையின் பிடிப்பை மட்டும் பார்க்கத்தான் அப்படி வைக்க வேண்டும்.

கெமிக்கல் ஆங்கர் வழுக்கினால் பெரும்பாலும் துளைத் தூசுதான் குற்றவாளி. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதாமல் பசையை அடைத்தால் அது கான்கிரீட்டில் ஒட்டாது, மாவில்தான் ஒட்டும்.

தாங்கு சோதனையால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து காரில் போன ஒரு பெண் இறந்தார். பசை வைத்துப் பொருத்திய அந்த ஆணிகள், பொருத்தியபோது இழுத்துப் பார்த்துத் தேறியவை. ஆனால் அங்கே போட்டிருந்தது சீக்கிரம் இறுகும் வகைப் பசை. நிரந்தரச் சுமையில் அது மெல்ல மெல்ல நீண்டுகொடுக்கும். இதை ‘ஊர்வு’ எனலாம். சில நிமிடச் சோதனையில் அது தெரியாது. ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் 2012 டிசம்பர் 2 அன்று கூரை சரிந்து ஒன்பது பேர் இறந்ததும் பசை ஆணிகள் கழன்றதால்தான். அந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது 1977-இல்; முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் கூரை சரிந்தது. தலைக்கு மேல் எப்போதும் தொங்கும் சுமைக்கு, மாதக்கணக்கில் சுமையேற்றிச் சோதித்துச் சான்று பெற்ற பசைதானா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் அந்த மூன்றாவது வகைக்கு ‘நெடுஞ்சுமைச் சோதனை’ பொருந்தும்.