யாரும் தட்டிவிடவில்லை: விண்மீன்கள் நகர்வதாகத் தெரிவது ஏன்?

வான்நோக்கு நிகழ்ச்சிகளுக்காகத் தொலைநோக்கியுடன் பள்ளி பள்ளியாகச் செல்லும் எனக்கு, எந்த ஊரிலும் தவறாமல் கிடைக்கும் புகார் ஒன்று உண்டு: “சார், யாரோ தட்டிவிட்டுட்டாங்க, நட்சத்திரத்தைக் காணோம்.” நூறு மடங்கு பெருக்கத்தில் தெரியும் வானம் ஏறத்தாழ முழுநிலவின் அகலமான அரைப் பாகை மட்டுமே என்பதால், ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடைப்பட்டையில் உள்ள ஒரு விண்மீனை நடுவில் நிறுத்தினால், அது ஒரே நிமிடத்தில் விளிம்பைக் கடந்து மறைந்துவிடுகிறது. புகார் சொல்லும் மாணவர்களிடம் பூமி எத்திசையில் சுழல்கிறது என்று கேட்டால், மேற்கிலிருந்து கிழக்காக என்று தயங்காமல் சொல்வார்கள். ஆனால் அந்த விடையையும் கண்முன் நழுவிய விண்மீனையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அது பாடப்புத்தகத்துப் பூமி, இது பள்ளி மைதானம்.

நான் அங்கே விளக்கம் சொல்லத் தொடங்குவதில்லை. வடக்குத் தொடுவானம் மறைபடாத இடமாக இருந்தால், அதே தொலைநோக்கியைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்பிவிட்டு, அரைமணி நேரம் யாரும் தொட வேண்டாம் என்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் அது பார்வைக்குள்ளேயே இருக்கிறது. பூமியின் சுழல் அச்சு வடக்கே நீண்டு சுட்டும் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் அது இருப்பதால், மிகச் சிறிய வட்டத்தில்தான் சுற்றுவதாகத் தெரிகிறது. ஓரியனின் இடைப்பட்டையோ நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடான வான நடுவரையை ஒட்டி இருப்பதால் மணிக்கு 15 பாகை வீதம் விரைகிறது. தாங்கி தளர்ந்ததுதான் காரணம் என்றால், இரண்டுமே நழுவியிருக்க வேண்டும். (சென்னையில் துருவ நட்சத்திரம் 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது, தலைக்கு மேலே தேடி ஏமாறுபவர்களே அதிகம்.)

பூமி சுழல்வதால்தான் விண்மீன்கள் நகர்வதாகத் தெரிகிறது என்பதை, 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் நூலான ஆரியபட்டீயம் படகைக் கொண்டு சொல்கிறது. முன்னோக்கிச் செல்லும் படகில் இருப்பவனுக்கு அசையாத பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தெரிவதுபோல, அசையாத விண்மீன்கள் இலங்கையில் நேர் மேற்காகச் செல்வதாகத் தெரிகின்றன என்பது ஆரியபட்டரின் கூற்று. அந்த இலங்கை, நிலநடுக்கோட்டின்மீது கணக்குக்காகக் கொள்ளப்பட்ட ஓர் இடம். அங்கே நிற்பவருக்கு விண்மீன்கள் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக மறையும். தமிழ்நாட்டில் அந்தப் பாதை சற்றே தெற்கே சாய்ந்திருக்கும்.

போன மாதம் எட்டு மணிக்குப் பார்த்த இடத்தில் இப்போது அந்த விண்மீன் இல்லையே என்பது அடுத்த கேள்வி. விண்மீன்களை வைத்து அளந்தால் பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 நொடி போதும். அதே வேளையில் சூரியனைச் சுற்றியும் நகர்வதால், சூரியனை மீண்டும் நேர்கொள்ள ஏறத்தாழ 4 நிமிடம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு விண்மீன் நாளுக்கு 4 நிமிடமும், மாதத்துக்கு இரண்டு மணி நேரமும் முந்திக்கொள்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் ஒரு விண்மீன் மறையும் நேரத்தை அடுத்தடுத்த இரு இரவுகளில் குறித்துக்கொண்டால் இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு மாணவி 7 நிமிடம் என்று எழுதி வந்தாள். ஐந்து மீட்டர் தள்ளியிருந்த தொட்டிக்கு, முதல் நாள் நின்ற இடத்தைவிட நான்கு விரற்கடை விலகி நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொண்டாள்.